நாகேஷும் எங்கள் லயத்துத் தருமியும்

(கண்டி மாவட்டம், கலஹாப் பகுதித் தோட்டமொன்றின் சமூக நிலையத்தில் நடந்த இளைஞர் நாடக விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து மலையில் நின்று, கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போய் அடுப்பையும் மூட்டி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்கி உங்களைச் சோதிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. விழாக் குழுப் பிள்ளைகள் வந்து, "நீங்க பழைய ஆளுங்க, நாகேஷ் படமெல்லாம் தியேட்டர்லயே பாத்தவங்க. நாங்க தருமி காட்சி நடிக்கப் போறோம், அதுக்கு முன்னால அவரப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க"ன்னு கேட்டார்கள். எங்களுக்கு ஒரே ஆச்சரியம். நாகேஷ் காலமானது 2009ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி. நடிக்கப் போகிற பொடியன்களில் சிலர் அப்போது பிறந்தே இருக்கவில்லை. கைத்தொலைபேசியில் பார்த்துப் பார்த்து வசனம் பாடமாக்கியிருக்கிறார்கள். நாங்கள் அதே வசனத்தைப் பாடமாக்கியது திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் போடும் கதை வசன இசைத்தட்டைக் கேட்டு. வழி வேறு, வசனம் ஒன்றுதான்.

நாகேஷ் யார் என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1933இல் தாராபுரத்தில் பிறந்தவர். இயற்பெயர் குண்டுராவ். வீட்டு மொழி கன்னடம். சென்னைக்கு வந்து ரயில்வேயில் கிளாக்கராக வேலை செய்தார். அம்மை போட்டதால் முகமெல்லாம் தழும்பு. ஆளோ குச்சி மாதிரி. சினிமாவுக்கு என்று ஒரு முகத்தைத் தேடினால் கடைசியாகத்தான் அந்த முகத்தைப் பார்ப்பார்கள், அதுவும் வேறு யாரும் கிடைக்காவிட்டால். ரயில்வேக்காரர்கள் போட்ட நாடகமொன்றில் வயிற்று வலிக்காரனாக ஒரு சின்ன வேசம் கிடைத்தது. தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேசத்தைத்தான் எடுத்துச் சொல்லிப் பாராட்டினார். பிறகும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. கவிஞர் வாலியும் அவரும் ஒரே இடத்தில் அறை எடுத்துத் தங்கி, அரை வயிறும் கால் வயிறுமாகக் காலம் தள்ளியிருக்கிறார்கள். 1959இல் 'தாமரைக்குளம்' என்ற படத்தில் தலை காட்டினார். பேர் எடுக்க இன்னும் ஐந்து வருடம் பிடித்தது.

அந்த ஐந்தாவது வருடம் 1964. பிள்ளைகளே, இந்த வருடத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம்தான் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. 'சர்வர் சுந்தரம்' வந்ததும் அதே வருடம் டிசம்பரில். இரண்டுக்கும் நடுவே, அக்டோபர் 30ஆம் திகதி, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். நாடற்றவர்கள் என்று எழுதப்பட்டிருந்த நம்மவர்கள் 975,000 பேர். அதில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. ஸ்டோரில் தேத்தூளைத் தரம் பிரிப்பது போலப் பிரித்தார்கள். நம்ம ஆட்களில் ஒருவரையாவது கூப்பிட்டு, "உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று முன்கூட்டிக் கேட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

இதை ஏன் நாகேஷைப் பற்றிப் பேசும்போது சொல்லுகிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்த இரண்டையும் பிரித்து ஞாபகப்படுத்திக்கொள்ள முடியாது. பெரியவர்கள் பெரட்டுக் களத்திலும் தவறணையிலும் "அக்கரையா, இக்கரையா" என்று பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் நாங்கள் கண்டிக்குப் போய் நாகேஷைப் பார்த்துவிட்டு வந்து, லயத்து வாசலில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தோம்.

கண்டிக்குப் படம் பார்க்கப் போவதென்றால் அது ஒரு பயணம். இந்தியாவில் ஓடி முடிந்து எவ்வளவோ நாளைக்குப் பிறகுதான் படப்பெட்டி இந்தப் பக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி, கலஹா வரைக்கும் நடந்து, அங்கே பஸ் ஏறுவோம். பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள்ளாலேதான் போகும். பெரிய பெரிய மரம், கல் கட்டிடம், வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் புத்தகத்தோடு நடப்பது, எல்லாவற்றையும் பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போவோம். இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றினதில்லை. கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கினால் நேரே கலரி வரிசைக்கு ஓட்டம். பவுண் நெறுவை குறைந்து அந்த வாரம் அரைப்பேர் விழுந்திருந்தால் அம்மாமாரிடம் டிக்கட் காசு பெயராது. அப்போது போகிறவன் வந்து சொல்லும் கதைதான் மற்றவனுக்குப் படம்.

டவுனில் நம்மைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். செருப்பில்லாத கால், எண்ணெய் வழியும் தலை, நம்முடைய பேச்சு. "தோட்டக்காட்டான்" என்று முகத்துக்கு நேரேயே சொல்லுவார்கள். தமிழ் பேசுகிறவர்களும் சொன்னார்கள் என்பதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை. அப்படி ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய் இருட்டில் உட்கார்ந்தால், திரையில் அம்மைத் தழும்பு முகத்தோடு, ஒட்டின வயிற்றோடு ஒருவர் வருகிறார். வந்த மாத்திரத்திலேயே தியேட்டர் முழுக்க, பல்கனிக்காரர் உட்பட, அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் எஸ்டேட் முதலாளியின் மகன் செல்லப்பா. பாலையாதான் முதலாளி. தோட்டத்தில் வேலை செய்த வாலிபன் ஒருவனை முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட, அவன் முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு, ஆடிப் பாடி வேலை திருப்பிக் கேட்கிறான். எங்கள் கலரி அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தது. மற்றவர்கள் பாட்டுக்குச் சிரித்தார்கள், நாங்கள் சிரித்த காரணம் வேறு. தொரை பங்களா வாசலில் கூடாரமா! ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் 1940இல் வேலைநிறுத்தம் நடந்தபோது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்ததை எங்கள் அப்பாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பக்கத்து மலைதானே. அது தெரிந்தவனுக்கு இந்தக் கூடாரம் இரண்டு மடங்கு சிரிப்பு.

அந்தப் படத்தில் எல்லோரும் இன்றைக்கும் சொல்லுவது, செல்லப்பா தகப்பனுக்குப் பேய்க் கதை சொல்லும் கட்டம். கையில் ஒரு சாமானும் இல்லை. வாயால் சத்தம், கண்ணால் இருட்டு, விரலால் பேய். எதிரில் இருக்கிற முதலாளி நடுங்கிப்போகிறார். பாலையா பயந்ததிலும் பாதிச் சிரிப்பு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தனியாக ஒருவர் சிரிக்க வைக்க முடியாது, எதிரில் இருக்கிறவரும் சரியாக இருக்க வேண்டும். பொடியன்மாரே, இன்றைக்கு நடிக்கும்போது நக்கீரர் வேசக்காரரும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளணும்.

'சர்வர் சுந்தரம்' கே. பாலசந்தர் எழுதிய நாடகம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிப் படமானது. ஹோட்டல் சர்வர் ஒருவன் சினிமா நடிகனாகிப் பேரும் புகழும் எடுக்கிறான். நேசித்த பெண் கிடைக்கவில்லை. தாய் சாகும்போது பக்கத்தில் இருக்க முடியவில்லை, படப்பிடிப்பில் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் மறுபடியும் பழைய சர்வர் உடுப்பைப் போட்டுக்கொள்கிறான். கை நிறையப் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டு அவர் நடக்கிற நடை இருக்கிறதே, அது விளையாட்டில்லை. அந்த வேலை செய்தவனுக்குத் தெரியும். நம்ம தோட்டங்களிலிருந்து எத்தனை பொடியன்மார் கண்டியிலும் கொழும்பிலும் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறார்கள்! தீபாவளிக்குப் புதுச் சட்டையோடு வந்து நான்கு நாள் நிற்பார்கள், "எங்க வேலை?" என்றால் "கடையில" என்பார்கள், என்ன வேலை என்று சொல்லமாட்டார்கள். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் அப்படிக் கண்டியில் மேசை துடைத்தவர். 'சர்வர் சுந்தரம்' பார்த்த பிறகுதான் அவர் லயத்தில் வந்து, "நான் சர்வர்" என்று வாய் திறந்து சொன்னார். நாங்கள் கிண்டல் பண்ண, அவர் மூன்று பீங்கானைக் கையில் அடுக்கி நடந்து காட்டினார். ஒரு பீங்கான் உடைந்தது. அது யார் வீட்டுப் பீங்கான் என்பது வேறு பிரச்சினை.

இனித் தருமிக்கு வருவோம்.

1965இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' வந்தது. சிவாஜி கணேசன் சிவபெருமான். ஏழைப் புலவன் தருமியாக நாகேஷ். ஆயிரம் பொற்காசுக்கு ஆசைப்பட்டு, தான் எழுதாத பாட்டை அரசசபைக்குக் கொண்டுபோய், நக்கீரர் கேள்வி கேட்டதும் பதில் தெரியாமல் திரும்பி ஓடிவருகிறவன். கோயிலுக்குள் தனியாக நின்று புலம்புகிற அந்தக் கட்டத்துக்கு, மயிலாப்பூர்க் குளக்கரையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்ததுதான் ஆதாரம் என்று நாகேஷ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படம் தயாரானதும் சிவாஜி அந்தக் காட்சிகளைப் போட்டுப் பார்த்து, ஓர் அடிகூட வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். நாகேஷ் பயந்துகொண்டுதான் இருந்தாராம், பெரிய நடிகரை மிஞ்சிவிட்டால் கத்தரித்துவிடுவார்களே என்று. சிவாஜியின் பெரிய மனசும் அந்தக் காட்சியில் இருக்கிறது.

எங்கள் லயத்திலும் ஒரு தருமி இருந்தார். பெயர் சொல்லப்போவதில்லை, தோட்டமே அவரைத் தருமி என்றுதான் கூப்பிட்டது. எங்களோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். அத்தோடு படிப்பு நின்று, மலைக்குப் போனார். ஒல்லி, கறுப்பு, முன் பல் ஒன்று இல்லை. படத்தைக் கண்டியில் இரண்டு தரம் பார்த்தார். பிறகு இசைத்தட்டு. 1967இல் மாரியம்மன் திருவிழாவுக்குக் காட்சி போடுவோம் என்று முடிவாகி, ஸ்டோர் மைதானத்தில் மேடை கட்டினோம். பெற்றோல்மெக்ஸ் விளக்கு இரண்டு. வேசத்துக்குக் கரை வைத்த துண்டு ஒன்று கோயில் பூசாரியாரிடம் இரவல் வாங்கினது.

தருமி மேடைக்கு வந்தார். கோயில் கட்டத்தில் நாகேஷ் செய்ததை அப்படியே செய்தார், சனம் சிரித்தது. சபைக்குப் போகிற கட்டம் வந்ததும் ஆள் மாறிப்போனார். ஒரு தோள் இறங்கிவிட்டது. துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஓலையை இரண்டு கையாலும் பிடித்தார், தலைகீழாக. நக்கீரர் ஒன்றைக் கேட்க, இவர் வாயைத் திறந்து, மூடி, பக்கத்தில் நின்ற காவலாளியைப் பார்த்தார், அவன் சொல்லித் தருவான் என்பது போல. படத்தில் இது எதுவும் கிடையாது.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பெரிய ஆட்களுக்குப் புரிந்துவிட்டது. அது அவருடைய அப்பா.

இளையவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்கள் நாடற்றவர்களானார்கள். 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, விண்ணப்பம் போட்டு, இத்தனை வருடம் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்தேன் என்று ஆதாரம் காட்டினால் பிரஜையாகலாம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது வேறு யாரோ, காசுக்கு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்து வைத்தவருக்கே தெரியாது. பிறகு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கல்யாணம் எந்த வருடம்? இந்தியாவுக்குப் போன வருடம் எது, திரும்பி வந்தது எந்த மாதம்? கடுதாசியில் ஒன்று இருக்கும், வாயில் வேறொன்று வரும். அவ்வளவுதான், பிழை. தருமியின் அப்பாவும் அப்படி ஓர் உத்தியோகத்தர் முன்னால் நின்றவர். சின்னப் பிள்ளையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனவர் எங்கள் தருமி. பிறர் எழுதிக் கொடுத்த பாட்டோடு சபைக்குப் போய் நிற்கிறவனின் கதையைப் படத்தில் பார்த்ததும் அவருக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாகேஷ் குளக்கரை மனிதரிடமிருந்து எடுத்தார், இவர் வீட்டிலிருந்தே எடுத்துவிட்டார்.

அப்பா முன் வரிசையில் இருந்தார். மைதானம் ஒரு நொடி அடங்கிவிட்டது. யாருக்கும் சிரிக்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது அந்த மனிதர்தான். இருமல் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மொத்தச் சனமும் சிரித்தது. அந்த மாதிரி ஒரு சிரிப்பை நாங்கள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போய் மூன்று நாள் மகனோடு பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலாம் நாள் பெரட்டுக்குப் போகும்போது, "ஓலையத் தலகீழாப் புடிச்சியே, நான் அப்புடிப் புடிக்கலடா" என்றாராம். அதுதான் சமாதானம்.

'எதிர்நீச்சல்' 1968இல் வந்தது. நாகேஷ் படங்களில் எங்கள் மனசுக்கு மிகவும் கிட்ட இருப்பது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவோம். மாது என்று ஓர் அநாதைப் பையன். பல குடித்தனம் இருக்கிற வீட்டில் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் எடுபிடி வேலை செய்து, மிச்சச் சோறு தின்று, காலேஜில் படிக்கிறான். சென்னைக்காரருக்கு அது ஒண்டுக்குடித்தனம். எங்களுக்கு அது லயம்! ஒரு கூரை, வரிசையாகக் காம்பரா, பொதுப் பீலி, பக்கத்து வீட்டுச் சண்டை முழுவதும் இந்தப் பக்கம் கேட்பது. குப்பி லாம்பு வெளிச்சத்தில், பிள்ளைக்காம்பராத் திண்ணையில் இருந்து படித்தவர்கள் எங்களில் இரண்டு பேர். ஒருவர் பின்னால் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானார். பரீட்சைக் காலத்தில் அவரை நாங்கள் "மாது" என்று கூப்பிட்டு வெறுப்பேற்றுவோம். அவர் கோபப்பட்டதேயில்லை. பஸ் ஜன்னலால் பார்த்த பல்கலைக்கழகத்துக்கு அவர் பிள்ளை போனது, அது அடுத்த தலைமுறைக் கதை.

எல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தக் காலத்துப் படங்களில் வேலைக்காரரையும் திக்குவாய்க்காரரையும் நிறத்தையும் வைத்துச் செய்த கேலி நிறைய உண்டு. நாகேஷும் அதில் பங்கு எடுத்தவர்தான். வருடத்துக்கு எத்தனையோ படம் நடித்தவர், எல்லாவற்றிலும் தருமியும் மாதுவும் இருக்க முடியாது. பேரன் பேத்தியோடு இருந்து பார்க்கும்போது சில கட்டத்தில் நாங்களே எழும்பித் தண்ணி குடிக்கப் போகிறோம்.

நம்ம நாட்டிலும் சிரிக்க வைத்தவர்கள் இருந்தார்கள், அதையும் பதிவு செய்ய வேண்டும். இலங்கை வானொலியில் 'கோமாளிகள்' என்றால் லயமே ரேடியோப் பெட்டியைச் சுற்றி இருக்கும். மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். 1976இல் அது படமாகவும் வந்தது. நாகேஷுக்கு முன்னால் பேர் எடுத்த சந்திரபாபு சிறு வயதில் கொழும்பில் வளர்ந்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இவர்களைப் பற்றிப் பேச இன்னொரு மாலை வேண்டும்.

1971இல் தருமி குடும்பம் போய்விட்டது. சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இன்னொரு தரம் ஓலையோடு சபைக்குப் போக அவருக்குத் தெம்பில்லை. கண்டி ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிடப் போனோம். தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். முன்பெல்லாம் கப்பல் தனுஷ்கோடிக்குப் போகும், 1964 டிசம்பர்ப் புயல் அதை அழித்துவிட்டது. பார்த்தீர்களா, மறுபடியும் அதே வருடம்! ஸ்டேசனில் பெண்கள் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். தருமி கோச்சி ஜன்னலில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாஸ்போட்டைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். சிரித்துக்கொண்டே அனுப்பினோம். கோச்சி வளைவில் திரும்பின பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

பிறகு நமக்கு நடந்ததெல்லாம் வேறு கதை. தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1973, 74இல் பஞ்சம், பிறகு 77, 83. இந்தியப் படங்கள் வருவதும் குறைந்துபோனது. தருமியிடமிருந்து எப்போதாவது ஒரு கடிதம் வரும். நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. "இங்கேயும் கொழுந்துதான், இங்கேயும் குளிருதான். அங்கே நம்மள இந்தியாக்காரன்னாங்க, இங்கே சிலோன்காரன்ங்கிறாங்க" என்று எழுதியிருந்தார். மண்டபம் முகாமில் ஓர் இரவு தருமி வேசம் கட்டினாராம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் விசாரணைக்குப் போய் நின்றவர்கள். ஓலையைத் தலைகீழாகப் பிடிக்கும் முன்னமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தபோது கோபமாக ஒரு கடிதம். நாகேஷை வில்லனாக்கிவிட்டார்களாம். "நம்ம ஆள இப்புடிப் பண்ணிட்டானுங்களே" என்று இரண்டு பக்கம். நாங்கள் வீடியோவில் அந்தப் படத்தைப் பார்த்து, நன்றாகத்தான் செய்திருக்கிறார் என்று பதில் போட்டோம். அதற்குப் பதில் இல்லை! 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தே சிரிக்க வைத்தார். அதே வருடம் வந்த 'நம்மவர்' படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. வாழ்நாள் முழுக்க நடித்த நடிப்புக்கு அந்த நாடு அவருக்கு இன்னும் பெரிதாக ஏதாவது செய்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். அந்த ஆதங்கம் இந்தியாவிலும் பலருக்கு உண்டு.

இங்கே, 2003இல் வந்த சட்டத்தோடுதான் நம்மில் மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு முடிவு வந்தது. தருமியின் அப்பா அப்போது நீலகிரியில் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

2009 ஜனவரி 31ஆம் திகதி. வானொலியில் வன்னியிலிருந்து வந்த செய்திகளையே கேட்டுக்கொண்டிருந்த காலம். அன்றைக்கு நாகேஷ் காலமான செய்தியும் வந்தது. இரவு எங்களில் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு. வெளிநாட்டு நம்பர். எடுத்தால் வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. கோயிலுக்குள் தருமி தனியாக நின்று புலம்புகிற அதே குரல், அதே இழுவை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கேட்கிறோம். எடுத்தவர் ஒலிபெருக்கியில் போட, நாங்கள் நாலைந்து பேர் சுற்றி இருந்து கேட்டோம். பாதி வசனம் வரை வந்தார். பிறகு சத்தம் இல்லை. கார்ட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். முடியவில்லை, மூச்சு கேட்டது. நாங்களும் இந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பூசாரி தொண்டு என்கிட்டத்தான் இருக்குடா" என்றார். அவ்வளவுதான் பேசினது.

1967இல் இரவல் வாங்கிய துண்டைத் திருப்பிக் கொடுக்காமலே கோச்சி ஏறிவிட்டார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஸ்டேசனில் கக்கத்தில் இடுக்கிக் காட்டினது அதைத்தான்.

சரி, நேரமாகிவிட்டது, பொடியன்மார் திரைக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். காட்சி தொடங்கட்டும். தருமி வேசம் போடும் தம்பி தோளில் கிடக்கிற துண்டு இப்போதைய பூசாரியாரிடம் இரவல் வாங்கினது என்று கேள்வி. அவர் அதோ, கதவுப் பக்கம்தான் நிற்கிறார். தம்பி, காட்சி முடிந்ததும் அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்குங்க. ஏற்கனவே ஒன்று பாக்கி இருக்கிறது.